கிழவரை எங்கிருந்து படிப்பது

சுகுமாரன் போய் எழுபத்தெட்டு நாள் ஆன ஒரு சனிக்கிழமை, அவன் மனைவி அனுசியா ஒரு துணியையும் அரை வாளித் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு அவனுடைய புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தாள். தூசி தட்டத்தான் உட்கார்ந்தாள். படிக்கிற ஆசையெல்லாம் அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், மலாய் இடைநிலைப்பள்ளியில் ஐந்து வருஷம், அதோடு சரி. ஆங்கிலம் என்றால் தொழிற்சாலைச் சுவரில் ஒட்டுகிற அறிவிப்பும் மருந்துப் பாட்டிலும்தான்.

அலமாரியின் நடுத்தட்டு முழுக்க ஒரே எழுத்தாளருடைய புத்தகங்கள். இங்கிலாந்துக்காரர், செத்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. அவர் பெயரை அனுசியா ஒழுங்காகச் சொல்லிப் பழகவே இல்லை. 'உங்க கிழவர்' என்பாள், வீட்டில் எல்லோருக்கும் அதுவே அவர் பெயராகிவிட்டது. ஆற்றிடம் அனுமதி கேட்டுத்தான் ஆற்றைக் கடக்கலாம் என்று சட்டம் உள்ள ஒரு நாட்டை அந்தக் கிழவர் மனதிலேயே கட்டி, அதைப் பற்றி ஒன்பது புத்தகம் எழுதித் தள்ளியிருந்தார். மந்திரம், மாயம், பேசுகிற மீன், ஊமை ராஜா, எல்லாம் உண்டு. பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் நகலெடுக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்க்க மலாக்கா முழுக்க வேனில் சுற்றுகிற மனுஷனுக்கு அதில் என்ன வைத்திருந்தது என்று பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அனுசியா கேட்டதில்லை. ஒன்றே ஒன்று படித்துப் பார் என்று அவன் சொல்லும்போதெல்லாம், வேலையை விட்ட பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

மெர்லிமாவ் பக்கம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேன் என்று நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தெட்டு வயது. ஆயர் குரோவில் தொழிற்சாலையில் இருந்தவளுக்குப் போன் வந்தது. பாட்டில் மூடிகள் வரிசையாக ஓடிவருகிற பட்டைக்கு முன்னால் நின்று, கோணலானதை எடுத்துப் போடுவது அவள் வேலை. போனைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த கோணல் மூடியைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் கையுறையைக் கழற்றினாள். அது அவளுக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததுதான் துண்டு துண்டாக இருக்கிறது.

அவள் அழவில்லை. வீட்டில் அழவில்லை, சவப்பெட்டியை மூடும்போது அழவில்லை, பதினாறாம் நாள் கருமக்கிரியையிலும் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையதாகவே இருக்காதே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. ஊர் சும்மா இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கல்லு மாதிரி இருக்கா பாரு என்றார்கள், அதிர்ச்சி என்றார்கள், அவளுக்குள்ளே என்ன கணக்கோ என்று கூடச் சொன்னார்கள். சுகுமாரனின் அத்தை இருசம்மாள் மட்டும் மெர்லிமாவிலிருந்து வாராவாரம் போன் போட்டு, "அழுதுடும்மா, அழுதுட்டா எறங்கிடும்" என்று கெஞ்சினாள். அழக்கூடாதென்று அனுசியாவுக்கு விரதமா என்ன, வரவில்லை, அவ்வளவுதான். வேலைக்குப் போனாள், வந்தாள், சோறாக்கினாள். உப்புப் போட்டோமா என்பது மட்டும் வாயில் வைத்த பிறகும் தெரிவதில்லை.

ஒரே ஒரு விஷயம்தான் உறைத்தது. மகள் தர்ஷினி அவளோடு பேசுவதில்லை. திவ்யதர்ஷினி என்று முழுப்பெயர், பதினாறு வயது, நாலாம் படிவம். காலையில் கண் திறந்ததிலிருந்து வாய் ஓயாத பெண். அப்பன் போன நாளிலிருந்து அம்மாவிடம் 'ம்' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. சாப்பிட்டாயா என்றால் ம். டியூஷன் உண்டா என்றால் ம். முரண்டு பிடிப்பதும் கிடையாது. சொன்ன வேலையைச் செய்வாள், துணியை மடித்து வைப்பாள். முதலில் துக்கம் என்று நினைத்து அனுசியா விட்டுவிட்டாள். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, உங்கள் மகள் நன்றாகத் தேறிவிட்டாள், வகுப்பில் பழையபடி பேசுகிறாள் என்று சந்தோஷமாகச் சொன்னார். அன்றைக்குத்தான் தெரிந்தது, ஊமையானது தன்னிடம் மட்டும்தான் என்று. புருஷன் போனதற்கு வராத பயம் அதற்கு வந்தது. இன்னும் ஒன்றரை வருஷத்தில் படிப்பு முடிந்து எங்காவது கல்லூரிக்குப் போய்விடுவாள். அதற்குள் அந்த வாய் திறக்காவிட்டால் பிறகு எப்போது திறக்கும்?

இப்போது அலமாரிக்கு வருவோம். அனுசியா புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் வாசற்படியில் தர்ஷினி. அம்மா இருக்கிற அறைக்குள் அவளாக வந்து நிற்பதே இத்தனை நாளில் அன்றைக்குத்தான். புத்தகத்தை அம்மா எப்படிக் கையாள்கிறாள் என்று கண்காணிக்க வந்தவள் மாதிரி நின்றாள். என்ன பேசுவதென்று தெரியாமல் அனுசியா வாய்க்கு வந்ததைக் கேட்டுவைத்தாள்.

"இதுல எத மொதல்ல படிக்கணும்?"

தர்ஷினி அவளைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் எடுத்த மாதிரிகூட இருந்தது. பிறகு திரும்பிப் போய்விட்டாள். ஆனால் ஒரு 'ம்' வரவில்லையே, அதுவே அனுசியாவுக்குப் பெரிதாக இருந்தது. சரி, வழி இதுதான் என்று முடிவு கட்டிவிட்டாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், அது அவளுக்கே தெரியும். தெரிந்தும் செய்ய வேண்டியிருந்தது.

சுகுமாரனுக்குக் கிழவரைப் படிக்கிற கூட்டாளி ஒருவன் உண்டு. நிவேந்திரன் என்று பெயர், மஸ்ஜித் தானாவில் நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறான். இயந்திரம் பழுதானதில் ஆரம்பித்த பழக்கம், புத்தகத்தில் வந்து நின்றது. அவனுக்கு அனுசியா வாட்சப்பில் கேள்வியை அனுப்பினாள். அவன் நல்ல மனசோடு அதைத் தங்கள் வாசகர் குழுவில் போட்டுவிட்டான். அதில் நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் முப்பத்தொரு பேர். அவ்வளவுதான், தீ பிடித்துக்கொண்டது. எழுதிய வரிசையில் படிக்க வேண்டும் என்றது ஒரு கட்சி. ஆறாவதாக எழுதிய புத்தகத்தில்தான் அந்த நாடே உண்டாகிறது, ஆகவே அதுதான் முதல் என்றது இன்னொரு கட்சி. முதல் இரண்டையும் தொடவே வேண்டாம், கிழவருக்கு அப்போது எழுதவே வரவில்லை என்றார் ஜொகூர்க்காரர் ஒருவர். அதைக் கேட்டுப் பினாங்கிலிருந்து ஓர் அம்மாள் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார். கேட்டது தாலி அறுத்தவள் என்பதை ஒருவரும் நினைத்ததாகத் தெரியவில்லை. அனுசியாவுக்கு அதில் வருத்தமும் இல்லை. எழுபத்தெட்டு நாளில் அவளிடம் குரலைத் தாழ்த்திக்கொள்ளாமல் பேசியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

எழுதிய வரிசைக்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் முதல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். போனில் அகராதியைத் திறந்து வைத்து, சொல் சொல்லாகத் தேடி, ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பக்கம். ஒரு படகு வந்தது, மழை பெய்தது, யாரோ யாரையோ தேடினார்கள். ஒன்றும் ஒட்டவில்லை. தர்ஷினி இரண்டு தடவை தண்ணீர் குடிக்க என்று குறுக்கே போனாள். இரண்டாவது தடவை கையில் டம்ளர் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுசியா காரை எடுத்துக்கொண்டு மஸ்ஜித் தானாவுக்குப் போனாள். கடை திறந்திருந்தது. நிவேந்திரன் அவளைக் கண்டதும் பதறி, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பக்கத்துக் கடையிலிருந்து தே தாரிக் வாங்கி வந்து வைத்தான். குழுவில் நடந்த கூத்துக்கு மன்னிப்புக் கேட்டான். பிறகு தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னான். கிழவரைப் படிக்கப் பொது வரிசை என்று ஒன்று கிடையாது, ஆளைப் பார்த்துத்தான் வரிசை என்பது சுகுமாரன் கட்சியாம். மகளுக்கு ஒரு வரிசை போட்டுப் பதினோரு வயதிலிருந்து தானே உட்கார்ந்து படித்துக் காட்டி வந்தானாம். அது அனுசியாவுக்கும் தெரிந்ததுதான். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டு முன்னால் கார் நிறுத்துகிற இடத்தில் அப்பனும் மகளும் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஏழரைக்குத்தான் எழுந்திருப்பார்கள். அவளுக்குத் தெரியாதது அடுத்ததுதான்.

"உங்களுக்கும் ஒரு வரிசை வச்சிருந்தாரு அண்ணி," என்றான் நிவேந்திரன். "என்னிக்காச்சும் கேப்பீங்கன்னு. உங்களுக்கு நாலாவதுதான் மொதல்ல."

ஏன் என்று அவள் கேட்டாள். அதில் ஒரு படகுத்துறை வருகிறது என்றான். ராஜாவும் மந்திரவாதியும் திருடனும் எல்லோரும் ஆற்றைக் கடக்க அங்கேதான் வந்து காத்திருக்க வேண்டும். அங்கே சமைத்துப் போடுகிறவள் ஒருத்தி. யாருக்கும் பயப்படமாட்டாள், யாரிடமும் அதிகம் பேசவும் மாட்டாள். கடைசி அத்தியாயத்தில்தான் அவள் யார் என்று தெரியும். அதற்கு மேல் சொல்லமாட்டேன் என்று நிறுத்திக்கொண்டான். பிறகு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணன் சொல்வாரு, இந்தக் கிழவன் என் பொண்டாட்டியப் பாக்காமலே எழுதியிருக்கான் லா, எப்படின்னு தெரியலன்னு."

ஊசி போட்ட கன்னத்தில் எங்கோ ஒரு மூலையில் சுருக்கென்றது. பதினெட்டு வருஷம் கூட இருந்தவன் தன்னைப் பற்றி என்ன நினைத்தான் என்று அவளுக்குத் தெரியாது. நல்லவள் என்று சொல்லியிருக்கிறான், கெட்டிக்காரி என்று சொல்லியிருக்கிறான், உன் குழம்பில் புளி தூக்கல் என்று சொல்லியிருக்கிறான். அவன் அவளை யாரோடாவது ஒப்பிட்டதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. அந்தப் புத்தகத்தை உடனே பார்க்க வேண்டும் போலிருந்தது. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். நிவேந்திரன் வழியனுப்ப வந்து கார்க் கண்ணாடியருகே குனிந்து, அந்த நாலாவதைத்தான் தர்ஷினிக்கும் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார், மகளுக்கு அதைக் கடைசியில் வைத்திருந்தார், மற்ற எட்டும் முடிந்துவிட்டது, இதிலும் ஒரே ஒரு அத்தியாயம்தான் பாக்கி என்று சாவதற்கு முந்தின வாரம்தான் சொன்னார் என்றான்.

வீட்டுக்கு வந்து நடுத்தட்டைப் பார்த்தால் எட்டுப் புத்தகம்தான் இருந்தது. நேற்று ஒவ்வொன்றாகத் துடைத்தவளுக்கு எண்ணத் தோன்றவில்லை. மற்ற தட்டு, கட்டிலடி, அவன் உடுப்பு அலமாரி எல்லாம் பார்த்தாள். வேனைக் கம்பெனி எடுத்துப் போய்விட்டது, அவன் பை மட்டும் வீட்டுக்கு வந்தது. பையை நினைத்ததும் தேடுவதை விட்டுவிட்டாள்.

சுகுமாரனுக்கு ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்துப் பழக்கம். அப்போதைக்குப் படித்துக்கொண்டிருக்கிற புத்தகத்துக்கு மட்டும் காலண்டர்த் தாளில் அட்டை போடுவான். மளிகைக்கடையில் வருஷா வருஷம் சும்மா கொடுக்கிற பெரிய மாதக் காலண்டர். ஊரெல்லாம் படத்தை உள்ளே வைத்து வெள்ளைப் பக்கத்தை வெளியே வைத்துப் போடும். இவன் படத்தை வெளியே வைப்பான். வேனில் கிடக்கிற புத்தகம், வெள்ளை என்றால் மைக்கறை படும் என்பான். கடைசியாக அவன் போட்ட அட்டை தைப்பூச மாதத்துத் தாள். வேலும் மயிலுமாக முருகன், புத்தகம் முழுக்க.

பெட்டியில் வைக்க அவனுக்குப் பிடித்ததை எடுத்து வாருங்கள் என்று யாரோ சொன்னபோது, பையிலிருந்து அதை எடுத்தது இருசம்மாள் அத்தை. "புள்ள சாமி புத்தகமால படிச்சிக்கிட்டு இருந்திருக்கான்," என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். கூடியிருந்தவர்களுக்கெல்லாம் மெய்சிலிர்த்துவிட்டது. கோயில் பக்கமே போகாத மனுஷன், உள்ளுக்குள் இவ்வளவு பக்தியா என்று பேசிக்கொண்டார்கள். காரியம் செய்ய வந்திருந்த பண்டாரமும் ஆஹா என்றார், கையிலேயே வையுங்கள், நேரே திருவடிதான் என்றார். திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமி படத்தைக் கண்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே தவிர உள்ளே என்ன என்று புரட்டுவோமா? அத்தையைச் சொல்லிக் குற்றமில்லை. சுகுமாரனின் கைக்கடியில் செருகி வைத்து, வச்சுடலாமாம்மா என்று கேட்டார்கள். அனுசியா தலையாட்டினாள். மதியம் மின்சுடலையில் அவனோடு கிழவரும் எரிந்தார்.

அனுசியாவுக்கு அது சாமி புத்தகம் இல்லை என்று தெரியும். அட்டை போட அவள்தான் பசை நாடா எடுத்துக் கொடுத்தாள். அப்போதே தெரியும், தெரிந்துதான் தலையாட்டினாள். சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டுமே, அதற்குத் தெம்பில்லை. எல்லாம் முடிந்து போகட்டும் என்றிருந்தது. அன்றைக்குத் தர்ஷினி எங்கே நின்றாள், என்ன செய்தாள் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. சட்டைக் கையை யாரோ இழுத்த மாதிரி மட்டும் ஒரு நினைவு இருந்தது.

நிவேந்திரனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.  இருங்க அண்ணி என்றான். மறுநாள் சாயங்காலம் காகிதம் வாங்க ஆயர் குரோவுக்கு வந்த வழியில் வாசலில் காரை நிறுத்தி, தன்னுடைய நாலாவது புத்தகத்தை நீட்டினான். உள்ளே வாங்க என்றாள். இல்லண்ணி, வச்சுக்குங்க என்று சொல்லிவிட்டு உடனே போய்விட்டான்.

தர்ஷினி சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அனுசியா புத்தகத்தை அவள் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். தர்ஷினி பேனாவை மூடினாள். அட்டையைத் தடவிப் பார்த்தாள், திறக்கவில்லை.

"இது அப்பாவோடது இல்ல," என்றாள்.

எண்பது நாளுக்குப் பிறகு மகள் குரலில் ஒரு முழு வாக்கியம்.  இல்லை, நிவேந்திரன் மாமாவோடது என்றாள் அனுசியா. அப்பாவுடையது எங்கே என்று தெரியுமா என்று கேட்டாள் மகள். தெரியும், பெட்டியில் வைத்துவிட்டோம் என்றாள் தாய்.

"எப்பத் தெரியும்? இப்பவா, அப்பவேவா?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். அவள் இருந்த நிலைமைக்கு யாரும் நம்பியிருப்பார்கள். அனுசியா அந்தப் பொய்யை வாய்வரை கொண்டுவந்து விழுங்கினாள்.

"அப்பவே தெரியும்."

தர்ஷினி தலையை ஆட்டினாள். கோபம் இல்லாமல், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்:

"நான் சொல்ல வந்தேன்மா. உங்க கையப் புடிச்சு இழுத்தேன். அது கிழவரோட புத்தகம்மா, இன்னும் முடியலம்மான்னு சொன்னேன். நீங்க என்னத் திரும்பிக்கூடப் பாக்கல. சும்மா இருன்னீங்க." நோட்டைத் தள்ளி வைத்தாள். "சும்மா இருக்கேன்."

அடி எங்கே விழுந்தது என்று அனுசியாவுக்கு நன்றாகத் தெரிந்தது. இத்தனை நாளும் இந்தப் பெண் தன்னைத் தண்டிக்கிறாள் என்று நினைத்திருந்தாள். அவளோ அம்மா சொன்ன சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எனக்கு ஞாபகம் இல்லம்மா," என்றாள். "ஆனா சொல்லியிருப்பேன். அன்னிக்கு யாரு என்ன கேட்டாலும் சரி சரின்னுதான் தலைய ஆட்டுனேன். உனக்கு மட்டும்தான் வேணாம்னுருக்கேன்."

மன்னிச்சுக்கோ என்று சொல்ல வந்தது, சொன்னாள்.  தர்ஷினி பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். வெளியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவளே கேட்டாள், நீங்கள் நிஜமாகவே படிக்கப் போகிறீர்களா, இல்லை என்னைப் பேச வைக்கத்தானா என்று. இரண்டும்தான் என்றாள் அனுசியா. அம்மாவுக்கென்றும் அப்பா ஒரு வரிசை வைத்திருந்தாராம், நாலாவதுதான் முதலில் என்றாராம் என்பதையும் சொன்னாள். சொல்லும்போது அவள் கை தன்னையறியாமல் புத்தகத்தின் பக்கம் போனது.

"தெரியும். எங்கிட்டயும் சொல்லியிருக்காங்க." தர்ஷினி புத்தகத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எனக்கு அது கடைசியில வேணும்மா. மத்த எட்டும் மொதல்ல. மறுபடியும் ஒண்ணுலேருந்து. நீங்களும் நானும்."

அனுசியா விழித்தாள். தர்ஷினி மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த ஒரு அத்தியாயத்தப் படிச்சிட்டா எல்லாமே முடிஞ்சிடும். அப்பா எனக்குப் படிச்சுக் குடுக்க வேண்டியது ஒண்ணும் பாக்கி இருக்காது. இப்ப வேணாம்மா. ரொம்ப நாள் ஆகட்டும்."

ரொம்ப நாள்தான் ஆகும். ஒரு சாயங்காலத்துக்கு மூன்று பக்கம் படிக்கிறவளுக்கு எட்டுப் புத்தகம் என்றால் இரண்டு வருஷத்துக்கும் மேலே. அதற்குள் இந்தப் பெண் கல்லூரிக்குப் போய்விடுவாள், லீவுக்கு லீவு வந்து பத்துப் பக்கம், இருபது பக்கம் என்று ஊர்ந்தால் எந்தக் காலத்தில் நாலாவதுக்கு வருவது? புருஷன் அவளுக்கென்று விட்டுப்போனது அந்த ஒரு புத்தகம்தான், அது கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. அதற்குள் தன்னைப் போல ஒருத்தி இருக்கிறாளாம். அவளைப் பார்க்க அனுசியாவுக்கு அந்த நிமிஷம் எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எண்பது நாளில் அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு வேளையில் ஒளித்து வைத்துப் படிக்கலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

"தனியா படிக்கக் கூடாது," என்றாள் தர்ஷினி, அதைக் கேட்டுவிட்டவள் போல.

"படிக்கமாட்டேன். கடைசியிலயே வைப்போம்."

இந்த முறை தலையை மட்டும் ஆட்டவில்லை, வாயால் சொன்னாள். தர்ஷினி எழுந்து போய் முதல் புத்தகத்தை எடுத்து வந்தாள். அம்மா குறி வைத்திருந்த மூன்றாம் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அதையெல்லாம் விட்டுவிடுங்கள், ஆரம்பத்திலிருந்து வாருங்கள் என்றாள். அனுசியா நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், கதையைச் சொல்ல வேண்டாம் என்று ஆரம்பித்தாள்.

"அந்தப் படகுத்துறைக்காரி... அவ எப்படி இருப்பா?"

தர்ஷினி யோசித்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் முகத்தில் ஓடியது.

"அவ பேசற எடம் வந்தா அப்பா இங்லீஷ்ல படிக்கமாட்டாங்க. உங்க மாதிரி பேசிக் காட்டுவாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே சிரிப்பு. நீங்க உள்ளேருந்து, அங்க என்னா சத்தம்னு கேப்பீங்க. அதுக்கும் சிரிப்போம்."

 தன்னைக் கேலி செய்து சிரித்திருக்கிறார்களே என்று நினைக்க வேண்டும், அனுசியாவுக்கு நினைக்கத் தோன்றவில்லை.

"எப்படி? பேசிக் காட்டு."

தர்ஷினி எழுந்து நின்றாள். ஒரு கையை இடுப்பில் வைத்து, இன்னொரு கையால் இல்லாத கரண்டியை நீட்டி, கண்ணைச் சுருக்கி, எதிரில் நிற்கிற ராஜாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ராஜாவா இருந்தா எனக்கென்னாவாம்? சோறு ஆறுது. மொதல்ல போயி கையக் கழுவிட்டு வா, ஒலகத்த அப்புறம் காப்பாத்திக்கலாம்."

அது அனுசியாவின் பேச்சு. அதை இழுத்து இழுத்துச் சொன்ன விதம் சுகுமாரனுடையது. அனுசியா வாய்விட்டு அழுதாள், பக்கத்து வீட்டில் சைக்கிள்கள் நின்றுபோகிற அளவுக்கு அழுதாள். தர்ஷினி பயந்துபோய் ஒரு நிமிஷம் நிறுத்தினாள். நிறுத்தாதே என்று அம்மா கையைக் காட்டவும், அழுகைக்கு நடுவே, அடுத்து அவள் திருடனைத் திட்டுகிற இடத்தையும் பேசிக் காட்டினாள்.